வெள்ளை வைனுக்கு ஒவ்வாத ஒன்று

வெள்ளை வைனை அளவுக்கு மீறிக் குளிர வைப்பதுதான் நம்மில் பலர் செய்கிற தப்பு. பல் கூசுகிற அளவுக்கு ஐஸில் புதைத்து வைத்தால் அதன் வாசனை போர்வைக்குள் சுருண்டு படுத்துவிடும், எழுப்பினாலும் எழுந்திருக்காது. இன்று நீங்கள் குடித்த பாட்டில்களைச் சாப்பாட்டுக்குக் கால் மணி முன்பே ஐஸிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். யங்கோனில் நம் தாமுவேப் பக்கம் கரண்ட் வருவதும் போவதும் யாருக்கும் பிடிபடவில்லை என்றாலும் ஐஸ்காரர் நம்மைக் கைவிடவில்லை. நல்ல மனுஷர்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மத்தியானம் இந்த மேசையில் எட்டுப் பேர் உட்காருகிறீர்கள். எட்டுத் தட்டுக்கு அடியிலும் ஒரு தாள் இருக்கும். அன்றைக்கு என்ன சமையல், அந்த வைன் எந்தச் சரிவில் விளைந்தது, எதை எதோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று நான் எழுதி, அடியில் தைலம்மாள் என்று கையெழுத்தும் போட்டு வைப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. எழுத்து மட்டும் விடவில்லை. உங்களில் சின்னவர்களுக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. அதனால் சுப்பிரமணியம் அண்ணன்தான் எப்போதும் உரக்க வாசிப்பார். கோயில் தர்மகர்த்தா, விரதம் முடித்தவர்களின் பெயர்களை ஒவ்வொரு ஆடியிலும் அம்மன் முன்னால் வாசித்துப் பழகிய குரல்.

இன்றைய தாள் வழக்கத்தைவிட நீளம். சாப்பாடு முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். காரணம் வேறொன்றுமில்லை. ஆறிப்போன இறாலை நான் இதுவரை யாருக்கும் வைத்ததில்லை.

போன ஞாயிறு முதல்முறையாக வந்த ராதா ஒன்று கேட்டாள். வாஜித் தம்பி, "எனக்குப் போதும், இன்னைக்கு வயித்தைக் காயப்போடணும்" என்று சொல்லிக்கொண்டே நாலாவது வடையை எடுத்தார். உடனே அண்ணன், "என்ன வாஜித், தேவராஜ் விரதமா?" என்றார். மேசையே சிரித்தது. ராதாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, "அது யாருங்க தேவராஜ்?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நான் இறால் கருகுகிறது என்று உள்ளே போய்விட்டேன். இறால் கருகவில்லை.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது விருந்துக்கு அழகில்லை. தேவராஜ் என் தம்பி. மூலை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சாந்தகுமாரி அவன் மகள், தின்கன்ஜூனில் டீச்சர். ஒரு வருஷமாக இந்த வாசற்படி மிதிக்காதவள், நான் கூப்பிட்டேன் என்று இன்று வந்திருக்கிறாள். அவளும் கேட்கட்டும்.

முதலில் வைன். அது எங்கே விளைகிறது என்று தெரியாமல் மற்றது புரியாது.

இன்லே ஏரிக்கு மேலே ஷான் மலைச் சரிவில், செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த நிலத்தில் இந்தத் திராட்சை நிற்கிறது. யங்கோனில் மாசியில் முதுகு வியர்த்து ஒழுகும்போது அங்கே காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். பகல் வெயில் பழத்தில் இனிப்பை ஏற்றும். இரவுக் குளிர் புளிப்பைக் கரைய விடாமல் பிடித்து வைக்கும். சோவின்யோன் பிளாங்க் என்று அந்தக் கொடிக்குப் பெயர். வெள்ளைக்காரர் ஊர்க் கொடிதான், ஆனால் பழத்தை அறுப்பவர்கள் தலையில் ஆரஞ்சுத் துண்டு கட்டிய பாவோ மலைஜாதிப் பெண்கள். அவர்கள் பாட்டும் சண்டையும் சேர்ந்துதான் கூடையில் விழுகிறது.

மூக்கைக் கிண்ணத்துக்கு மேலே பிடியுங்கள். முதலில் அறுத்த புல். அப்புறம் செங்காய்க் கொய்யா. கடைசியில் எலுமிச்சைத் தோல். இந்த மூன்றில் எதை மறந்தாலும் அறுத்த புல்லை மறக்காதீர்கள்.

அந்தச் சரிவை எனக்குக் காட்டியவன் தேவராஜ். யங்கோனிலிருந்து தௌங்ஜீக்கு இருபத்தாறு வருஷம் ஹைவே பஸ் ஓட்டினான். அம்மா போனபோது அவனுக்கு மூன்று வயது, எனக்குப் பதினான்கு. என் இடுப்பில் வளர்ந்தவன். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை, வருத்தமும் இல்லை. அவனுக்குச் சோறு ஊட்டி, கட்டி வைத்து, அவன் பெண்டாட்டி போன பிறகு மறுபடியும் சோறு போட்டேன். ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி, கைலியில் சுற்றிய பாட்டிலை அடுப்படியில் வைத்தான்.

"அக்கா, குடிச்சுப் பாரு. திட்டறதா இருந்தா அப்புறம் திட்டு."

ஒரு வாய் குடித்துவிட்டு, "கொய்யாக்காயைப் பிழிஞ்சு விக்கிறானாடா?" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அழுதது. அன்று மத்தியானம் உளுந்து வடையும் புதினாச் சட்னியும் இருந்தன. வடையைக் கடித்து அந்த வைனை ஒரு மிடறு விழுங்கினேன். எழுபது வருஷத்தில் எனக்கு ஞானம் மாதிரி ஏதாவது வந்தது என்றால் அது அந்த நிமிஷம்தான். அந்த வடையிலிருந்து முளைத்ததுதான் இந்த மேசை.

அதற்கப்புறம் நான் வாய்க்கு வந்ததையெல்லாம் அதோடு சேர்த்துப் பார்த்தேன். உப்பும் எலுமிச்சையும் தடவிச் சுட்ட ஆற்று இறாலுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. இன்லே தக்காளியை வேர்க்கடலை போட்டுப் பிசைந்தால் பொருந்தும். லபெ, அதுதான் நம் ஊறவைத்த தேயிலைக் கூட்டு, கசப்பு அடங்கி இனிக்கும். தேங்காய்ப் பால் சேர்த்தால் வைன் தூங்கிவிடும். புளிக்குழம்போடு வைத்தால் ஒரே அடுப்படியில் இரண்டு மாமியார். நாப்பிக்கு முன்னால் எந்த வைனும் நிற்காது. அந்த மீன் விழுதைக் குறை சொல்ல மாட்டேன், அது தனியாக ஆளப் பிறந்தது.

எது பொருந்தும் என்றுதான் எல்லோரும் கேட்பீர்கள். எது பொருந்தவே பொருந்தாது என்று யாரும் கேட்டதில்லை.

அதைச் சொன்னவள் நங் கின். தோட்டத்தில் பழம் அறுக்கிறவள். மழைக்காலத்தில் ஒரு தடவை தேவராஜோடு பஸ்ஸில் போனேன். அவன் வண்டிக்குக் கீழே படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். நான் அவள் வீட்டில் சாப்பிட்டேன். ஒரு காளான் வதக்கியிருந்தாள். வெள்ளைக் குடை, சில மணி நேரத்தில் ஓரம் கறுத்து மையாக ஒழுகிவிடும் ஜாதி. ருசியோ கறி தோற்றுப்போகும். நான் பையிலிருந்து வைனை எடுத்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மே, இதைத் தின்னா மூணு நாளைக்கு அது கிடையாது. எங்க மாமா தின்னுட்டுக் குடிச்சாரு. மூஞ்சி செம்பருத்திப் பூ மாதிரி ஆச்சு. நெஞ்சு குதிச்சது. நாங்க பாடை கட்டக் கயிறு தேடிட்டோம்."

மாமா பிழைத்துவிட்டாராம். அதற்குப் பிறகு அவர் குடியையும் விடவில்லை, காளானையும் விடவில்லை. நாள் பார்த்து மாற்றி மாற்றி வைத்துக்கொண்டாராம். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஊருக்கு வந்து என் குறிப்பு நோட்டில் எழுதி வைத்தேன்: காளான் தனியாக நல்லது. வைன் தனியாக நல்லது. சேரக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபம் ஏற்றுகிற தடிஞ்சு மாதத்தில், தேவராஜுக்கு நெஞ்சு வலி வந்தது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது, குடியை விடு என்றார் டாக்டர். அவன் அம்மன் முன்னால் நின்று, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, ஊர் கேட்கச் சத்தியம் செய்தான்: "இனி ஒரு சொட்டு இந்த நாக்குல பட்டா, அம்மா, நீ என் உசுரை எடுத்துக்க."

நம் ஆட்களுக்கு அதற்கு மேல் ஒரு பத்திரம் கிடையாது. சுப்பிரமணியம் அண்ணன் அவன் கையில் விபூதி வைத்து அணைத்தார். நான் பாயசம் வைத்தேன். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன், அதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஆனால் குடியை விட்டவர்களில் ஒரு வகை உண்டு. தான் விட்டது போதாது, தெருவே விட வேண்டும் அவர்களுக்கு. முன்பெல்லாம் இந்த மேசையைச் சுற்றி வந்து கிண்ணம் நிரப்பி, கலோ மலை வளைவில் பஸ் கதவு கழன்று போன கதையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தவன், இப்போது படிக்கட்டில் உட்கார்ந்து நீங்கள் குடிப்பதை எண்ணினான். வாஜித் தம்பி கையிலிருந்த எலுமிச்சை சோடாவையே ஒரு தடவை மோந்து பார்த்தான். தம்பி பெருந்தன்மையாக, "பாருங்கண்ணே, கோ தேவ், வேணும்னா உள்ளே சரக்கு இருக்கான்னு குலுக்கியும் பாருங்க" என்றார். நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

போன வருஷம் ஆடி பிறந்த அன்று அடுப்படிக்கு வந்தான்.

"அக்கா, கடைசி ஞாயித்துக்கிழமை நான் பால்குடம் எடுக்கறேன். எடுத்துட்டு வந்ததும் மேசையைத் தூக்கிடலாம். கீழே பஜனை வைக்கலாம்னு இருக்கேன்."

"மேசை என்னோடதுடா."

"மேசை உன்னோடது. வீடு என் பேர்ல. உனக்கென்னக்கா, எழுபத்தோரு வயசு. உக்காந்து சாமி கும்பிடு."

கோபமாகச் சொல்லவில்லை. என் கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் போனான். எனக்கும் கோபம் வரவில்லை. நான் யோசித்தது உங்களைப் பற்றி. பெண்டாட்டி போன பிறகு வாஜித் தம்பி லத்தா பேட்டையில் தன் மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் தனியாகச் சாப்பிடுகிறார். ஞாயிறு ஒருநாள்தான் அவருக்குப் பேச்சுத் துணை. அண்ணனுக்கு வாசிக்க ஒரு தாள் வேண்டும். எட்டுப் பேருடைய ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம், ஒருவனுடைய பிடிவாதம் இன்னொரு பக்கம். நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு அவன் மேல் ஒரு சந்தேகமும் இருந்தது. இவ்வளவு கறாராக இருப்பவன் எங்கேயோ ஒளிந்து ஒரு வாய் குடிக்காமல் இருக்க மாட்டான் என்று நினைத்தேன். அப்படியிருந்தால் சத்தியம் போய்விடும். சத்தியம் போனால் பால்குடம் போய்விடும். பால்குடம் போனால் மேசை நிற்கும். அந்த மழையில் நம் வீட்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் அந்த மைக்காளான் தானாக முளைத்திருந்தது. நான் விதைக்கவில்லை. கடவுள் கொடுத்தால் சமைக்க வேண்டியதுதானே.

அவன் விரதச் சாப்பாட்டில் காளான் சேர்க்கலாமா என்ற கேள்வி வந்தது. முறைப்படி கோயிலில் போய்க் கேட்டேன். அண்ணா, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "மண்ணுல முளைச்சது எல்லாம் காய்கறிதான், தைலம், தாராளமா போடு" என்றீர்கள். அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தாதீர்கள். உங்கள் மேல் குற்றமே இல்லை.

ஆடி இரண்டாம் வாரம் அவனுக்கு முதல்முறை வைத்தேன். அலமாரியில் ஒரு பாட்டிலையும் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில், பூட்டாமல் வைத்தேன். சோதனை என்றால் நேர்மையாக இருக்க வேண்டும். மூன்று நாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாநிறம் மாநிறமாகவே இருந்தது. பாட்டிலில் தூசி படிந்தது. அடுத்த வாரம் மறுபடியும் செய்து பார்த்தேன். "அக்கா, கறி மாதிரியே இருக்குக்கா, இன்னொரு கரண்டி போடு" என்று சாப்பிட்டுவிட்டு, திடமாக நடமாடினான்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் வளர்த்த பிள்ளை சொன்ன சொல் காப்பாற்றுகிறான். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடுதான். அன்று மத்தியானம் மிளகு தட்டிப்போட்டு அதே காளானை வதக்கினேன். எனக்குப் புதுக் கண்ணாடி கொண்டுவந்த வாஜித் தம்பியையும் உட்கார வைத்தேன். ஒரே சட்டியில் மூன்று பேரும் சாப்பிட்டோம். வாஜித் தம்பி சட்டியைத் துடைத்தே எடுத்தார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சமையலில் விஷம் என்று ஒரு துளி இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. தம்பி, இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வருஷம் ஆகிவிட்டது.

மறுநாள் ஞாயிறு, நல்ல மழை. அவன் மஞ்சள் வேட்டியோடு, தலையில் குடத்தோடு, செருப்பில்லாமல் கோயில் வரை நடந்தான். பால் ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று நீங்களே பிற்பாடு சொன்னீர்கள். பன்னிரண்டு மணிக்குத் தெருவே கூட வந்தது. விரதம் முடித்து வருகிறவனுக்கு வாசலில் வைத்துப் பானகம் கொடுப்பது நம் வழக்கம். ஊருக்கெல்லாம் அண்டாவில். விரதக்காரனுக்கு மட்டும் தனிச் செம்பில், வேப்பிலைக் கொத்து மிதக்க. அவன் அதை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். நடுவில் எடுத்தால் விரதம் முழுமை இல்லை. கொடுக்கிற உரிமை வீட்டுப் பெண்ணுக்கு. அந்த வீட்டில் பெண் நான்தான்.

அவன் ஒரே மூச்சில் குடித்தான். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது மூக்கைச் சுளித்தான். இருபத்தாறு வருஷம் அந்த மலைக்குப் போய்வந்த மூக்கு.

"அக்கா, என்ன இது, அறுத்த புல் வாசனை அடிக்குது?"

"வேப்பிலைடா" என்றேன்.

"ஆமாம்ல" என்று சிரித்தான். அதுதான் அவன் கடைசியாகச் சிரித்தது. நல்ல சிரிப்பு.

அதற்குப் பின் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். பத்து நிமிஷத்துக்குள் முகம் செம்பருத்தியாகிவிட்டது. கழுத்து, காது எல்லாம். படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் ஓடிவந்து தாங்கினார். தாங்கியவர் அவன் வாயருகே குனிந்தார். குனிந்தவர் மெல்ல நிமிர்ந்து கையை எடுத்துவிட்டார். "வைன் வாசனை அடிக்குது" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. கற்பூரம் ஏற்றிச் செய்த சத்தியம் எல்லோர் ஞாபகத்திலும் இருந்தது. யாரோ ஒரு பெண், "அம்மா கேட்டுட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்படியே வரிசையாக எல்லோரும் போட்டுக்கொண்டீர்கள்.

டாக்ஸி வந்தது. கிளினிக் வாசலுக்குப் போவதற்குள் அவன் நெஞ்சு நின்றுவிட்டது. முன்பே பழுதான நெஞ்சு. டாக்டர் கேட்டார்: குடித்திருந்தாரா? பத்துப் பேர் ஆமாம் என்றீர்கள். அவர் எழுதிக்கொண்டார்.

நான் ஒரு மாதம் காத்திருந்தேன். யாராவது வந்து அடுப்படியைப் பார்ப்பார்கள், செம்பை மோந்து பார்ப்பார்கள், அக்கா, என்ன கொடுத்தாய் என்று கேட்பார்கள் என்று. ஒருவரும் வரவில்லை. அம்மனே தீர்ப்புச் சொன்ன பிறகு அடுப்படியில் யாருக்கு என்ன வேலை? நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் ஞாயிறு மேசையைத் துடைத்து எட்டு நாற்காலியும் போட்டேன். எட்டுப் பேரும் வந்தீர்கள். வீடு சாந்தகுமாரி பேருக்குப் போனது. அவள், "மேசையும் வெச்சுக்கோ, வீட்டையும் வெச்சுக்கோ அத்தை. எனக்கு அவர் பேரே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. இந்த ஒரு வருஷம் போல நாம் எப்போதும் சிரித்ததில்லை. வாஜித் தம்பி மூன்று கிலோ கூடியிருக்கிறார்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. இந்த ஆடியில் அண்ணன் விரதம் முடித்தவர்களின் பெயர்களை வாசித்தார். காலமானவர்கள் பெயரையும் சேர்த்து வாசிப்பது வழக்கம். அவன் பெயரைத் தாண்டிப் போனார். சாந்தகுமாரி வீட்டில் அவன் படம் சுவரில் இல்லை. பீரோவுக்கு மேலே கவிழ்த்துக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டதற்கு, "எங்க அப்பா சாமியையே ஏமாத்தினவர், ஹொட்லா, அப்படித்தானே?" என்று தானே முந்திக்கொண்டு சொன்னாளாம், பிறர் சொல்லும் முன்னால். அதையும் பொறுத்தேன். ஆனால் போன ஞாயிறு என் மேசையில், நான் சுட்ட வடையைக் கையில் வைத்துக்கொண்டு, தேவராஜ் விரதம் என்று சிரித்தீர்கள். என் தம்பியைப் பொய்யன் என்று சொல்ல நான் யாரையும் விட மாட்டேன். இந்த மேசைக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது.

அதனால் சொல்கிறேன். அண்ணா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வாசியுங்கள். அம்மன் முன்னால் வாசிக்கிற அதே குரலில் வாசியுங்கள்.

தைலம்மாளின் தம்பி தேவராஜ், சத்தியம் செய்த நாளிலிருந்து செத்த நாள்வரை, தெரிந்து ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அவன் விரதம் முழுமை. செம்பில் பாதி பானகம், பாதி இன்லே மலை வெள்ளை வைன். வெல்லமும் இஞ்சியும் தூக்கலாகப் போட்டுக் கலந்தவள் நான். மூன்று நாள் கணக்கு தெரிந்து காளானை முதல்நாளே போட்டவளும் நான். மட்டமானதை ஊற்ற மனசு வரவில்லை. அவன் கடைசிப் பயணத்தில் எனக்கென்று சுமந்து வந்த, நல்ல வருஷத்துப் பாட்டிலைத்தான் திறந்தேன். இன்று நீங்கள் குடித்ததும் அதே பெட்டியில் மிச்சமிருந்ததுதான். பயப்படாதீர்கள். இன்றைய சமையலில் காளான் இல்லை.

சாந்தா, கண்ணு, வீட்டுக்குப் போனதும் படத்தை நிமிர்த்தி வை. உன் அப்பன் உன்னையும் ஏமாற்றவில்லை, சாமியையும் ஏமாற்றவில்லை. டாக்ஸியில் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. சின்ன வயதில் ஜுரம் வந்தால் கிடப்பானே, அப்படி. என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் குடிக்கலைக்கா. அம்மா மேல சத்தியமா குடிக்கலை. நீயாவது நம்புக்கா" என்றான்.

"நம்புறேன்டா" என்றேன். மனசாரச் சொன்னேன். அன்று அந்தத் தெருவே அவனைக் கைவிட்டபோது, அவன் சொன்னதை நம்பியவள் நான் ஒருத்திதான்.